வாதவூரடிகளும் ஆவணி மூல வாக்கும்

இறைவன் தன் அன்பர்க்கு அருளுவன் என்பது சைவர் அனைவரும் ஒருங்கு கொண்ட துணிபு. அவன் அருளுங் காலம் யாது என்பதிலேதான் நெஞ்சு தடுமாறுகின்றது. அதிகாரமுடையோர் கையில் அகப்பட்டு நல்லோர் துன்புறும்போது, காப்பதாக வாக்களித்த இறைவன் அன்றே வந்து காவாமல் நாள் கடத்துவது ஏன் என்னும் வினா, நூல் கற்றார்க்கும் கல்லாதார்க்கும் ஒப்ப எழுகின்றது. அவ்வினாவிற்குரிய விடையை அளவை நூல்களிலே தேடுவதினும், அத்துன்பத்தைத் தம் உடம்பிலே ஏற்று நின்ற ஒருவருடைய வாழ்க்கையிலே காண்டல் எளிது. அங்ஙனம் நின்றவர் திருவாதவூரடிகள். அவருக்கு இறைவன் அளித்த வாக்குக்கள் இரண்டு. ஒன்று நாள் குறித்தது. மற்றொன்று நாள் குறியாதது. அவ்விரண்டனையும் முதன்மையாகக் கொண்டு அடிகள் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அவ்வரலாற்றின் பெரும்பகுதி பாண்டி நாட்டுக் கீழ்கடற் பக்கத்தே நிகழ்ந்தது. இராமநாதபுர மாவட்டத்துத் திருவாடானை வட்டத்திலே கடலை அடுத்துள்ளது தொண்டி. சேரர்க்குரிய மேல்கடல் தொண்டி வேறு, இது பாண்டியர்க்குரியது. அகிலும் துகிலும் சந்தனமும் கருப்பூரமும் தொண்டியிலிருந்து கூடல் நகர்க்கு வந்தமையைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை குறிப்பிடுகின்றது. அவை கீழ்காற்றோடு வந்தன என்று அந்நூல் கூறுதலின், அத்தொண்டி கீழ்கடற்கண்ணதே என்று கொள்ளுதல் பொருந்தும். தொண்டிக்கு மேற்கே ஆளுடைய பிள்ளையாரின் பாடல் பெற்ற திருவாடானையும், வடக்கே கடலை ஒட்டித் திருப்புனவாயிலும் உள்ளன. இன்னும் வடக்கே சென்றால், தொண்டியினின்றும் ஏறத்தாழ 25 மைல் தொலைவில், வெள்ளாற்றங்கரைப் பக்கத்தே, இக்காலத்து ஆவுடையார்கோயில் என வழங்கும் திருப்பெருந்துறை அமைந்துள்ளது. கடல்வழி வந்த பண்டங்கள் மதுரைக்குச் செல்லும் வழிகள் இந்நிலப்பரப்பின் ஊடே சென்றன. மதுரையினின்று கடற்கரை நோக்கி வந்த ஓர் அமைச்சர் பெருந்துறையிலே தங்க நேர்ந்தது இந்நில அமைப்பிற்கு முற்றும் இசைந்த செய்தியேயாம்.

அவ்வமைச்சர் பிறந்த ஊர் மதுரைக்கு வடகிழக்கே மேலூரை அடுத்துள்ள திருவாதவூர். அமாத்திய அந்தணர் மரபிலே தோன்றி, இளமையிலேயே கலைகள் அனைத்தும் கற்றுத் தேர்ந்தார். அவருடைய அறிவாற்றலைக் கேள்வியுற்ற அரிமர்த்தன பாண்டியன் அவரை அழைத்துத் தலைமை அமைச்சராக்கித் தென்னவன் பிரமராயன் என்னும் பட்டமும் சூட்டினான் என்று புராணங்கள் கூறும். அடிகள் காலத்தைப் பற்றி அறிஞரிடையே நெடிய வழக்குண்டு. மறைமலையடிகள் கி.பி. மூன்றாம் நூற்றாண்டென்று நிறுவினார். நரியைக் குதிரையாக்கிய செய்தி அப்பரடிகள் தேவாரத்திலே குறிக்கப்படுதலை அக்கொள்கையினர் சான்றாகக் காட்டுவர். திருக்கோவையாரிலே வரகுணன் பெயர் வருதலைக் கொண்டு ஒன்பதாம் நூற்றாண்டென்பர் வேறு பலர். வரகுணர் இருவருள் பின்னவன் அரியணை ஏறியது 862-ஆம் ஆண்டு. இவ்வழக்கு எங்ஙனம் முடியினும், அடிகள் வாழ்க்கையினின்று நாம் பெறவேண்டிய பொருள் அதனால் மாறுவதன்று.

அமைச்சுத் தொழிலிலே அடிகள் குறைவின்றி விளங்கினார். அரசன் நம்பினான், குடிகள் போற்றினர். ஆயினும் அவர் உள்ளம் அப்பெருமையிலே தோயவில்லை. பிறவியினின்று விடுவிக்கும் குருவொருவரை நாடி அது தவித்திருந்தது. இந்நிலையிலே, பாண்டியனது குதிரைப்படை நோயாலும் மூப்பாலும் குன்றியது. கீழ்கடற்றுறையிலே நல்ல குதிரைகள் வந்திறங்கின என்ற செய்தியும் அவைக்கு எட்டியது. அரசன் கருவூலத்தைத் திறந்து பெரும்பொருள் எடுத்துக் கொடுத்து, குதிரை வாங்கிவருமாறு அடிகளை விடுத்தான்.

குதிரை வாணிகம் பாண்டி நாட்டிற்கு எத்துணை இன்றியமையாதது என்பதை, அடிகட்குப் பன்னூறு ஆண்டுகட்குப் பின் வந்த அயல்நாட்டார் குறிப்புக்களாலும் ஒருவாறு உணரலாம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டியர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை வாங்கினர் என்றும், வளர்க்கும் முறை அறியாமையால் ஆண்டிறுதியில் மிகச் சிலவே எஞ்சின என்றும் எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், குதிரை ஒன்றிற்கு 220 பொன் தினார் விலை என்றும், பாண்டி நாடு முதலிய இடங்களின் துறைகளில் ஆண்டிற்குப் பதினாயிரம் குதிரைகள் இறங்கின என்றும் கணக்குக் கூறினார். பழங்காலத்தும் குதிரைக்கு விலை மிகுதியாகவே இருந்திருத்தல் வேண்டும். ஆகவே அடிகளிடம் ஒப்புவிக்கப்பட்டது சிறுபொருளன்று. அது நாட்டின் காவற்பொருள். குடிகள் இறுத்த வரிப்பொருள். பின்னர் விளைந்த துன்பத்தின் தன்மையை அறிய விரும்புவோர் இதனை மறத்தலாகாது.

பெருந்துறையை அணுகிய அடிகள், குருந்தமரத்தின் நிழலிலே அடியார் குழாம் சூழ வீற்றிருந்த ஆசிரியர் ஒருவரைக் கண்டார். அவ்வாசிரியர் கையிலிருந்த ஏடு சிவஞானபோதம் என்று திருவாதவூரடிகள் புராணம் கூறும். சந்தான மரபினர் அச்செய்தியை எப்பொருளிற் கொள்வர் என்பது நம் வாசகர் அறிந்ததே. கண்ட அளவிலே அடிகள் உள்ளம் உருகிற்று. உடல் நிலத்திலே வீழ்ந்தது. ஆசிரியராய் வந்த இறைவன் திருவடி சூட்டி ஐந்தெழுத்தை உபதேசித்தருளினான். அமைச்சராய் வந்தவர் அடியாராயினார். குதிரைக்குக் கொண்டுவந்த பொருள் முழுவதும் பெருந்துறைத் திருக்கோயிற்கும் அடியார் வழிபாட்டிற்கும் செலவாயிற்று.

இவ்விடத்தே நடுநிலையுடையார் ஓர் ஐயம் எழுப்புதல் இயல்பு. அரசன் பொருளைக் கோயிலுக்குச் செலவிடுதல் அறமாகுமா? அங்ஙனமாயின், அதிகாரத்திலுள்ளார் யாவரும் பொதுப்பொருளைக் கவர்ந்து, சிவப்பணி செய்தோம் என்று தப்பலாமே என்பர். இவ்வையத்தைத் தள்ளிவிட்டு மேற்செல்லுதல் நேர்மையன்று. சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம், தன் செயலற்று இறைபணியில் நிற்கும் உயிரின் செயலெல்லாம் இறைவன் செயலாம் என்று நிறுவும். ஆனால் அந்நிலையை வாயாற் சொல்லிக்கொள்ளுதல் எளிது. அடைந்தமைக்கு அடையாளம் வேண்டும். அடிகளிடத்தே அவ்வடையாளம் மூன்று காண்கின்றோம். ஒரு காசும் தமக்கென வைத்துக்கொள்ளாமை ஒன்று. அரசன் ஓலை வந்தபோது, பிற நாட்டிற்கு ஓடி ஒளியாமல் மதுரைக்கே மீண்டமை மற்றொன்று. அரசன் தண்டித்தபோது அத்தண்டத்தை வெறாது ஏற்றமை மூன்றாவது. இம்மூன்றும் இல்லாதார் அடிகளைத் தமக்குத் துணை காட்டுதற்கு உரிமை சிறிதும் இல்லை.

குதிரை வாராமையைக் கண்ட பாண்டியன் ஓலை போக்கினான். அடிகள் குருநாதன் திருமுன் சென்று நின்றார். அப்போது இறைவன் அவருக்கு முதல் வாக்கினை அருளினான். ஆவணி மூல நாளன்று குதிரைகள் மதுரை சேரும் என்று அரசனிடம் உரைக்குமாறு பணித்து, அரசற்குக் கையுறையாக ஒரு மாணிக்கத்தையும் கொடுத்துவிடுத்தான். அடிகள் மதுரைக்குச் சென்று மாணிக்கத்தை அளித்து, நாளையும் அறிவித்தார். அரசன் மகிழ்ந்திருந்தான்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பெருந்துறையிலே பொருள் முழுவதும் செலவாயிற்று என்றும், குதிரை ஒன்றேனும் வாங்கப்படவில்லை என்றும் அமைச்சர் சிலர் அரசனுக்கு அறிவித்தனர். அரசன் ஒற்றரை விடுத்து ஆராய்ந்தான்; அச்செய்தி மெய்யென்று தெளிந்தான். நம்பிய ஒருவனால் வஞ்சிக்கப்பட்டதாக எண்ணிய அவன் சினம் எல்லை கடந்தது. தண்டலாளர் அடிகளை அழைத்துச் சென்று வெயிலிலே நிறுத்தினர், கல்லைச் சுமத்தினர், சிறையிலும் இட்டனர். நேற்றுவரை தம் சொற்கேட்டு நடந்த ஏவலர் கையாலேயே அவ்வொறுப்பு நடைபெற்றது.

அடிகள் அப்போது என் செய்தார் என்பதே நாம் கூர்ந்து நோக்கற்பாலது. நாள் இன்னும் வரவில்லை என்பதை அவர் அறிவார். ஆவணி மூலத்திற்கு முன்னரே காக்குமாறு வேண்டவும் அவருக்கு இடமுண்டு. புராணங்கள் கூறுமாற்றால், அவர் இறைவனை நினைந்து உருகினார். தம்மை அடிமையென்று மீண்டும் ஒப்புவித்தார். பொருளைத் திரட்டித் தந்து விடுபடும் வழியையேனும், அரசனைப் பழிக்கும் சொல்லையேனும் அவர் நாடவில்லை. வாக்களித்தவன் எவன் என்பதை அறிந்தவர்க்கு, அவ்வாக்கு நிறைவேறும் நாள் வரையிலும் செய்தற்குரியது அதனை மறவாமை ஒன்றேயாம்.

ஆவணி மூலம் வந்தது. பெருந்துறைக் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி, தன் கணங்களைச் சேவகராக்கி, தானே குதிரைச் செட்டியாய் வேடந்தாங்கி, இறைவன் மதுரைத் தெருவிலே வந்தருளினான். குதிரைகளின் இலக்கணங்களை எல்லாம் அரசனுக்கு விரித்துரைத்து, வாணிகர் முறைப்படி கயிறு மாறிக் கொடுத்தான். கயிறு மாறிய பின் குதிரைக்கு வரும் நன்மை தீமைகள் வாங்கியவனையே சாரும் என்பது அவ்வாணிகத்து வழக்கு. அரசன் மனமுவந்து பட்டாடை பரிசாக அளித்தான். அடிகள் விடுதலை பெற்றார். இறைவன் வாக்கு, நாளும் பிறழாமல், சொல்லும் பிறழாமல் நிறைவேறிற்று.

கதை இவ்விடத்தே முடிந்திருப்பின், பொறுத்தார்க்கு இறுதியில் நன்மை வரும் என்ற பொதுநீதியோடு நாமும் அமைந்திருப்போம். ஆனால் அன்று நள்ளிரவிலே குதிரைகள் மீண்டும் நரிகளாயின. இலாயத்திலே முன்னிருந்த பழங்குதிரைகளையும் கடித்துக் குதறி, ஊளையிட்டு ஊர் கலங்க ஓடின. விடிந்தபோது அரசனுக்குப் புதிய குதிரைகளும் இல்லை. பழைய குதிரைகளும் இல்லை. முன்னர் வெறும் வஞ்சகராகத் தோன்றிய அடிகள், இப்போது மாயம் வல்ல கொடியராகத் தோன்றினார். முன்னினும் கடிய தண்டம் விதிக்கப்பட்டது. கோடை வெயிலிலே வைகையாற்றுச் சுடுமணலிலே அவரை நிறுத்தி வருத்தினர்.

இறைவன் வாக்கை நம்பிப் பொறுத்தவர்க்கு, அவ்வாக்கு நிறைவேறியதன் பயனாகவே இரண்டாவது துன்பம் வந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இஃது இறைவன் செய்த வஞ்சமோ என்று மயங்குவாரும் உளர். அம்மயக்கத்தைச் சித்தாந்தம் இருவகையால் நீக்குகின்றது.

முதலாவது, வினையின் நெறி. குருவருளால் தீக்கை பெற்றார்க்குச் சஞ்சிதவினை எரிந்தொழியும்; இனி ஏறக்கடவதாகிய ஆகாமியம் ஞானத்தால் ஏறாதொழியும். உடம்பெடுத்தற்கு ஏதுவாய் வந்த பிராரத்தமோ உடம்பின் வழியே நுகர்ந்து கழிதற்குரியது. ஆதலின் பெருந்துறையிலே அருள்பெற்ற அன்றே அடிகள் உடம்பிற்குத் துன்பம் ஒழிந்துவிடும் என்று எதிர்பார்த்தல் நூற்கருத்தன்று. இறைவன் அடிகளுக்குச் சொன்னது குதிரை வரும் என்பதே; இனித் துன்பமே வாராது என்றன்று. வாக்கினை வாக்கின் அளவிலே கொள்ளாமல், நம் விருப்பத்தையும் அதனோடு சேர்த்து வைத்துக்கொண்டு, பின்னர் இறைவன் தவறினான் என்று கூறுதல் நம் பிழையேயாம்.

இரண்டாவது, காலத்தின் இயல்பு. காலம் என்பது வித்தியா தத்துவம் ஏழனுள் ஒன்று. சென்றதற்கு எல்லையும், நிகழ்வதற்குப் பயனும், வருவதற்குப் புதுமையும் காட்டி அஃது உயிரைத் தொழிற்படுத்தும். அவரவர் வினைப்பயனை அவரவரே நுகருமாறு நிறுத்துவது நியதி. இவ்விரண்டும் மாயையின் காரியங்கள், சடப்பொருள்கள். இவற்றை இயக்குபவன் இறைவன். அவன் இவற்றுள் அகப்பட்டவனல்லன். உயிர் காலத்தினுள்ளே நின்று நோக்குதலின், ஒரு நாளைத் தாமதம் என்றும் மற்றொரு நாளை விரைவென்றும் கருதுகின்றது. மலம் பரிபாகமுறும் அளவை அறிந்து நாள் வகுப்பவனுக்குத் தாமதமும் இல்லை, விரைவும் இல்லை. மறைத்தலும் அருட்டொழிலே என்று நம் நூல்கள் திரோதானத்தைக் கூறுதலும் இக்கருத்துப் பற்றியே.

இனி, அந்நாள் அடிகள் ஒருவர்க்கு மட்டும் வகுக்கப்பட்டதன்று என்பதை அடுத்த நிகழ்ச்சி காட்டும். அடிகள் சுடுமணலிலே நிற்கையில் வைகையிலே பெருவெள்ளம் தோன்றிற்று. கரை உடைந்தது. ஊரைக் காத்தற்கு, வீட்டிற்கு ஓர் ஆளாகக் கரையடைக்குமாறு அரசன் ஆணையிட்டான். பிட்டு விற்று உயிர்வாழும் வந்தி என்னும் முதியவளுக்கு மக்களும் இல்லை, சுற்றமும் இல்லை, கூலியாள் அமர்த்தப் பொருளும் இல்லை. அவளது பங்கு அடைபடாது நின்றது. அடிகள் படும் துன்பம் அரசன் சினத்தால் வந்தது. வந்தி படும் துன்பம் அரசன் ஆணையால் வந்தது. அமைச்சராயிருந்த பேரறிஞரும், அன்றாடம் பிட்டு அவித்துப் பிழைக்கும் ஏழையும் ஒரே ஆட்சியின் கீழ் ஒரே நாளிலே துணையற்று நின்றனர்.

வந்தி ஆலவாய்ப் பெருமானை நினைந்து இரங்கினாள். ஆயினும் பிட்டு அவித்தலை விடவில்லை. இறைவன் கூலியாளாய்க் கூடையும் மண்வெட்டியும் தாங்கி வந்தான். உதிர்ந்த பிட்டே தனக்குக் கூலி என்று பேசிக்கொண்டான். அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே போயிற்று. உண்டான், பாடினான், ஆடினான், உறங்கினான், வந்தியின் பங்கு மட்டும் அடைபடவில்லை. காவலர் அறிவிக்க, கண்காணிக்க வந்த பாண்டியன் சினந்து பொற்பிரம்பால் முதுகில் அடித்தான். கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டி மறைந்தான், கரை அடைபட்டது. அவ்வடி அரசன் மேலும் பட்டது. அரசியர் மேலும் அமைச்சர் மேலும் பட்டது. உயிர்கள் அனைத்தின் மேலும் பட்டது.

அரசன் அதுவரை பிறரை அடித்தவன். அடியின் நோவை அறியாதவன். தான் விதித்த தண்டம் தன் முதுகிலே பட்டபோதுதான், அடிகள் மேல் ஏற்றிய கல்லின் பாரமும் வைகை மணலின் வெம்மையும் அவனுக்குத் தெரியவந்தன. ஆவணி மூல நாளிலே குதிரைகள் நிலைத்திருப்பின் அவனுக்குப் படை பெருகியிருக்கும்; அறிவு பெருகியிராது. நரிகள் ஓடியதும், வைகை பெருகியதும், வந்திக்கு ஆளில்லாமற் போனதும் ஒன்றோடொன்று தொடர்ந்து, ஒடுக்குவோனையும் ஒடுக்கப்பட்டோரையும் ஒருங்கே உய்விக்கும் ஒரு நாளை நோக்கி நடந்தன. அடிகள் முதல் வாக்கு நிறைவேறியவுடனே விடுபட்டிருந்தால், வந்தி உய்தற்கும் பாண்டியன் திருந்துதற்கும் வழி யாது? ஒருவர் பொறுக்கும் துன்பம் பிறர்க்கும் பயன்படுமாறு இறைவன் நாள் வகுத்தான் என்பதை நாம் இந்நிகழ்ச்சியினின்று அறிகின்றோம்.

ஈண்டு ஒன்று கூறிவைத்தல் வேண்டும். துன்பம் இறைவன் திருவுள்ளக் குறிப்போடு வருவதாயின், துன்புறுத்துவோன் குற்றமற்றவனே என்று சிலர் வாதிப்பர். அது பொருந்தாது. வினைப்பயனை ஊட்டுபவன் இறைவன்; ஊட்டுதற்குக் கருவியாய் நின்றவனும் தன் கருத்தளவிலே தனக்கு வினை ஈட்டிக்கொள்கின்றான். பாண்டியனுக்கு அடி விழுந்தது அதனாலேயே. அவன் சினத்திற்குக் காரணம் இருந்தது மெய். சினம் அளவு கடந்தமையும் மெய். ஆதலின் பொறுமையை ஒடுக்கப்படுவோர்க்கு மட்டும் ஓதி, ஒடுக்குவோர்க்கு அடியின் செய்தியை ஓதாது விடுதல் இவ்வரலாற்றைப் பாதியளவே படித்தலாகும்.

மனந்திருந்திய பாண்டியன் அடிகளை வணங்கி, அரசுரிமையையே ஏற்குமாறு வேண்டினான். அடிகள் அதனை ஏற்காமல், தாம் விரும்பியவண்ணம் போதற்கு விடை ஒன்றே பெற்றுப் பெருந்துறைக்கு மீண்டார். துன்பம் தீர்ந்தது என்று நாம் கருதுவோம். அடிகளைப் பொறுத்தவரை, துன்பம் அதன்பின்னரே தொடங்கிற்று.

பெருந்துறையிலே குருநாதன் தன் அடியாரோடு மறைந்தருளினான். உடனிருந்த அடியார் அனைவரும் அவனோடு சென்றனர். அடிகள் ஒருவரே இருத்தப்பட்டார். பொதுவிலே வந்து சேருக என்பதே அவருக்குக் கிடைத்த இரண்டாவது வாக்கு. அதனை அடிகளே கீர்த்தித் திருவகவலிலே குறித்துள்ளார். இடம் சொல்லப்பட்டது, நாள் சொல்லப்படவில்லை. முதல் வாக்கிலே அரசனது சிறையும் வைகை மணலும் உடம்பை வருத்தின. ஆயினும் ஆவணி மூலம் என்னும் நாள் ஊன்றுகோலாய் நின்றது. இரண்டாவது வாக்கிலே வருத்துவோர் ஒருவரும் இல்லை, ஊன்றுகோலும் இல்லை. கையிலே விலங்கில்லாத அக்காலத்திலேதான் அடிகள் மிகுதியும் அழுதார் என்பது திருவாசகத்தை ஓதுவார் யாவரும் அறிவர்.

பெருந்துறையை விட்ட அடிகள் சென்ற தலங்களுள் ஒன்று, இராமநாதபுரத்திற்குத் தென்மேற்கே உள்ள திருவுத்தரகோசமங்கை. தம்மை விட்டுவிடுதியோ என்று ஐம்பது பாடல்களால் முறையிடும் நீத்தல் விண்ணப்பம் அத்தலத்திலே எழுந்தது. அரசன் ஒறுத்தபோது உடம்பைக் காக்குமாறு விண்ணப்பம் பாடாதவர், ஒறுப்பார் இல்லாத இடத்திலே, இறைவன் தம்மை நீத்துவிடுவானோ என்று நடுங்கி விண்ணப்பம் பாடினார். தம் குற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தார். புலன்கள் ஐந்தும் தம்மை அலைக்கின்ற கொடுமையை எடுத்துரைத்தார். புறத்தே இருந்து ஒறுக்கும் அரசனினும் அகத்தே இருந்து ஒறுக்கும் மலமே கொடிய பகைவன் என்பதை அடிகள் அங்கே காட்டினார்.

நம்பிக்கை என்பது அழாமை என்று எண்ணுவார் பலர். அடிகள் வரலாறு அங்ஙனம் கூறவில்லை. நீத்தல் விண்ணப்பம் பாடியவர்க்கு நம்பிக்கை இல்லையென்று யாரும் துணியார். விடமாட்டான் என்று துணிந்தவர்க்கே, விட்டுவிடாதே என்று அவனிடம் முறையிட வாயுண்டு. நம்பாதவன் முறையிடுவதற்கு இடமின்றி வாளா இருப்பான். ஆகவே துன்பத்திலே அழுவாரை நோக்கி, உனக்குப் பத்தி போதாது என்று இடித்துரைத்தல் அடிகள் நெறி அறியாதார் செயலாம்.

அங்கிருந்து அடிகள் திருவண்ணாமலை, திருக்கழுக்குன்றம் முதலிய தலங்களை வணங்கிச் சென்றார். அண்ணாமலையிலே மகளிர் விளையாட்டையும் நோன்பையும் கண்டு திருவெம்பாவையும் திருவம்மானையும் அருளிச்செய்தார். நாள் குறியாத வாக்கைச் சுமந்து நடந்த அந்நெடுவழியிலே அவர் வாளா இருந்தாரல்லர். சென்ற இடந்தோறும் பாடினார். இன்று நம் கையிலுள்ள திருவாசகம் 51 பகுதிகளில் பெரும்பாலன அக்காத்திருப்பின் விளைவேயாம். இறைவன் அவரை அன்றே தன்னோடு அழைத்துக்கொண்டிருப்பின் நமக்குத் திருவாசகம் ஏது? ஜி. யு. போப் 1900-ஆம் ஆண்டு அதனை ஆங்கிலத்திலே பெயர்த்து வெளியிட, கடல் கடந்த நாட்டாரும் அதனை அறிந்தனர். அடிகட்குத் தாமதமாய்த் தோன்றிய காலம் உலகிற்கு ஊதியமாயிற்று.

இறுதியில் அடிகள் தில்லையை அடைந்தார். ஈழத்தினின்று வந்த புத்தரோடு அங்கே வாதம் நிகழ்ந்தது என்றும், ஈழவரசன் மகளாகிய ஊமைப்பெண் வாய்திறந்து விடையிறுத்தாள் என்றும், அவ்வினாவிடையே திருச்சாழலாயிற்று என்றும் புராணங்கள் கூறும். பின்னர் இறைவன் அந்தணர் வடிவிலே வந்து, அடிகள் சொல்லத் திருவாசகம் முழுவதையும் எழுதினான்; கோவை ஒன்றும் பாடுமாறு வேண்டி, நானூறு பாடல்களையும் எழுதிக்கொண்டு மறைந்தான். அவ்வேடு தில்லை வாயிற்படியிலே காணப்பட்டது. தில்லைவாழந்தணர் அதற்குப் பொருள் யாது என்று வினவ, அடிகள் அவர்களை அம்பலத்திற்கு அழைத்துச் சென்று, அம்பலவாணனே அதன் பொருள் என்று காட்டி, அனைவரும் காண அவ்விடத்தே கலந்தருளினார். அந்நாள் ஆனி மகம். பொதுவிற்கு வருக என்ற வாக்கு அந்நாளிலே நிறைவேறிற்று. குதிரைக்கு நாள் குறித்தவன் கூட்டத்திற்கு நாள் குறியாமல் வைத்தது, அடியார் அந்நாளை எண்ணாது தன்னையே எண்ணுதற்பொருட்டுப் போலும்.

இவ்விரண்டு வாக்குக்களையும் ஒருங்கு வைத்து நோக்கின் மூன்று துணிபுகள் பெறப்படும். இறைவன் வாக்கு அவன் சொன்ன அளவிலே தவறாது நிறைவேறும். நாம் கூட்டிக்கொண்ட அளவிலே நிறைவேற வேண்டும் என்னும் நியதி இல்லை. அவன் வகுக்கும் நாள் ஒருவரை மட்டும் கருதியதன்று. துன்புறுவோர், துன்புறுத்துவோர், அயலே நிற்கும் ஏழையர் ஆகிய எல்லோரையும் கருதியது. காத்திருத்தல் என்பது கைகட்டியிருத்தலன்று; வந்தி பிட்டு அவித்தாள், அடிகள் பாடினார். தம் பணியை விடாமல், முறையீட்டையும் விடாமல், அறம் கடந்த வழியிலே தப்ப முயலாமல் நிற்பதே சைவர் மேற்கொள்ளும் காத்திருப்பு.

ஆவணித் திங்கள்தோறும் மதுரையிலே நரியைப் பரியாக்கியதும் பிட்டுக்கு மண் சுமந்ததுமாகிய திருவிளையாடல்கள் விழாவாக நடைபெறுகின்றன. தொண்டிக்கு வடக்கே திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆட்சியிலுள்ள பெருந்துறைத் திருக்கோயிலிலே, கருவறையில் இலிங்கத் திருவுரு இல்லை. ஆவுடையார் மட்டுமே உண்டு. ஆங்கே ஆவி எழும் சோறு படைகல்லின் மேல் நிவேதிக்கப்படுகின்றது. திருவிழாக் காலங்களிலே மாணிக்கவாசகரே வீதியுலா எழுந்தருளுகின்றார். உருவங் காணாத இடத்திலே வழிபாடு இடையறாது நிகழ்கின்றது. குருநாதன் மறைந்த பின்னும் அவன் சொல்லையே பற்றி நின்ற அடிகளின் நிலைக்கு இதனினும் பொருத்தமான சன்னிதி வேறில்லை. கடற்கரை வழியே அத்திசைக்குச் செல்லும் அன்பர்கள் அங்கே சற்று நின்று, தத்தம் துன்பங்களுக்கு நாள் கேட்பதினும், நாள் வரும்வரை நிற்கும் உறுதியை வேண்டுவாராக. ஆனி மகத்திலே அடிகள் குருபூசை செய்வோர் அனைவர்க்கும் அவ்வுறுதி அருளப்படுக.

திருச்சிற்றம்பலம்.